வென்றாயிற்று, இனி? கல்விப் பிரதிநிதியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிந்து மூன்று வாரமாகிறது. உணவகத்தில், விடுதி வாசலில், பஸ் நிறுத்தத்தில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள் வேறு வேறு குரல்களில் வருகின்றன. நேற்று ஒருவரிடம் சொன்னதும் இன்று இன்னொருவரிடம் சொல்வதும் பிசகிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மாணவர் பேரவையில் கல்விக்கான பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். வாக்கு வித்தியாசம் கைவிரல்களுக்குள் அடங்கும். ஆகவே எனக்கு வாக்களிக்காதவர்களும் படிப்பார்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

படிக்கிற பெண்ணுக்கு எதற்குத் தேர்தல்?

இதை முதலில் கேட்டவர் என் அம்மா. அவரிடம் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்: ஒரு கழித்தல் குறிதான் காரணம்.

முதல் பருவத்தில் கணித இயற்பியல் தாளுக்கு நடந்த முதல் அகத்தேர்வில் என் மதிப்பெண் படுமோசம். எங்கே தவறினேன் என்று பார்க்கலாம் என்றால் விடைத்தாள் வரவில்லை. அறிவிப்புப் பலகையில் பதிவெண்ணும் அதன் எதிரே ஓர் எண்ணும் மட்டும் வந்தன. கலப்பெண் தளத்தில் தொகையிடும் கணக்கு அது. பாதையைக் கீழ் அரைத்தளத்தில் மூடினால் கடிகார முள் சுற்றும் திசையில் போகிறோம்; விடையில் ஒரு கழித்தல் குறி சேர வேண்டும். நான் சேர்க்கவில்லை. தவறு தெரியாததால் இரண்டாம் அகத்தேர்விலும் சேர்க்கவில்லை, பருவத் தேர்விலும் சேர்க்கவில்லை. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவிக்கு அதே மாதிரிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, இது கடிகாரத் திசையில் அல்லவா போகிறது?" என்று அவள் கேட்டாள். ஓராண்டாக மூன்று தேர்வுகளும் எனக்குச் சொல்லாததை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அன்று மாலைதான் வேட்புமனுப் படிவம் வாங்கினேன்.

பிரதிநிதிக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது?

சொன்னால் ஏமாந்துபோவீர்கள். பாடத்தை வகுப்பது பாடத்திட்டக் குழு. அதற்கு ஒப்புதல் தருவது கல்விக் குழு. பணமும் பணியிடமும் ஆட்சிக்குழுவின் கையில் இருக்கின்றன. இவை எதிலும் எனக்கு வாக்கு இல்லை.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்து தரத்தைக் கவனிக்கும் உள்தர உறுதிப்பாட்டு மையத்தில் மாணவர்களுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான 'நாக்' வகுத்த ஏற்பாடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாணவர் குறைதீர் குழுவிலும் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். ஆனால் அவர் படிப்பு, விளையாட்டு, கலை போன்றவற்றில் காட்டிய திறமையைப் பார்த்து நியமிக்கப்படுபவர். வாக்குச் சீட்டில் ஜெயித்ததாலேயே எனக்கு அந்த நாற்காலி வந்துவிடாது.

ஆக என்னால் முடிந்தது கேட்பது. பதில் வராவிட்டால் தேதி போட்டு மறுபடி கேட்பது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்த வளாகத்தில் பல விஷயங்கள் யாரும் மறுத்ததால் நின்றுபோனவை அல்ல, யாரும் இரண்டாம் முறை கேட்காததால் நின்றுபோனவை.

சரி, முதல் இலக்கு என்ன?

அகத்தேர்வு விடைத்தாள் இரண்டு வாரத்துக்குள் மாணவர் கைக்கு வர வேண்டும். மதிப்பெண்ணோடு, எங்கே பிசகியது என்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். அடுத்து வரும் வகுப்புகளில் ஒன்றை அந்தத் தாளைப் பற்றிப் பேச ஒதுக்க வேண்டும். இவ்வளவுதான். தேர்தலின்போது இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் குளிர்சாதன வகுப்பறை என்றும் இலவச வைஃபை என்றும் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் திருத்திய தாளைக் கேட்டேன்.

எங்களுக்கு 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இதுதான் கணக்கு. பருவத்தின் நடுவிலேயே தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளட்டும் என்பதுதான் இந்த 25இன் நோக்கமாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது இன்னொரு குட்டிப் பருவத் தேர்வாகிவிட்டது. எழுதுகிறோம், எண் வருகிறது, கதை முடிகிறது.

தாள்கள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பார்த்தேன். பீரோவுக்குப் போகின்றன. தர ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் காட்ட வேண்டுமாம். கல்வி நடந்ததற்கான சாட்சியைப் பத்திரப்படுத்துவதற்காகக் கல்வியின் ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருக்கிறோம். இதற்கு வழி எளிது: தாளைக் கொடுத்துவிட்டு அந்த வகுப்பு முடிவதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டியவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"கொடுத்தால் எல்லோரும் வரிசையில் நின்று மதிப்பெண் கேட்பார்களே?" என்று ஒரு துறைத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி, நின்றாலும் நிற்போம். அதனால் என் முன்மொழிவில் ஒரு நிபந்தனையை நானே சேர்த்திருக்கிறேன். தாள் கைக்கு வந்த அன்று மதிப்பெண் பற்றிப் பேசக் கூடாது. மறுநாள், எந்தக் கேள்வி, ஏன் என்று எழுதித்தான் கேட்க வேண்டும். எழுத உட்காரும்போது பாதிப் பேருக்குத் தங்கள் தவறு தெரிந்துவிடும்.

மூன்று துறைகளில் ஒரு பருவம் முயன்று பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டு துறைகளில் இன்னும் 'பார்க்கலாம்' என்ற கட்டத்தில்தான் இருக்கிறோம்.

ஆசிரியர்கள் மேல் இன்னும் சுமை ஏற்றுகிறீர்களே?

இதைக் கேட்ட கௌரவ விரிவுரையாளரிடம் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, அந்த வகுப்புகளை அவரைப் போன்றவர்கள்தான் தாங்குகிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் தரலாம் என்று மானியக் குழு 2019இலேயே சொல்லியிருக்கிறது. கையில் வருவது எவ்வளவு என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "அறுபது தாளிலும் குறிப்பு எழுதுங்கள்" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அவரே ஒரு வழி சொன்னார். அறுபது தாளைத் திருத்தினால் வருவது அறுபது தவறு அல்ல, ஏழெட்டுத் தவறுதான். அவற்றையே அறுபது பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஏழெட்டையும் ஒரு பக்கத்தில் எழுதி எண் போட்டுவிட்டால், ஒவ்வொரு தாளிலும் '3', '5' என்று குறித்தால் போதும். நான் கேட்கும் 'ஒரு வரி' இதுவாகவே இருக்கலாம். என் கழித்தல் குறியும் அந்தப் பட்டியலில் நிச்சயம் இருந்திருக்கும்.

காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிப் பேரவை தீர்மானம் போடும், நானும் கையெழுத்திடுவேன். அது என் பதவிக்காலத்துக்குள் நடந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பருவத் தேர்வு விடைத்தாளையும் பார்க்க முடியுமா?

முடியும். பலருக்குத் தெரியாததால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் மூன்றும் வெவ்வேறு. மறுகூட்டலில் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொருவர் மீண்டும் திருத்துவார். நகல் கேட்டால் திருத்திய தாளின் பிரதி வரும். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நகலை வாங்கிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம்: கோபத்தில் மறுமதிப்பீட்டுக்குக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறோம்.

எங்காவது நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாளும் அந்தச் சட்டத்தின் கீழ் 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். ஆகவே முடிவு வந்ததும் கேளுங்கள். அடுத்த பருவம் வரை யோசித்துக்கொண்டிருந்தால் எடைக்குப் போயிருக்கும்.

ஆசிரியர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் படிவம் இருக்கிறதே, அதில் எழுதினால் போதாதா?

அந்தப் படிவத்தை நீங்கள் எப்படி நிரப்பினீர்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பருவக் கடைசியில், ஹால் டிக்கெட் எடுக்கும் அவசரத்தில், பதிவெண் போட்டு உள்ளே நுழைந்து, எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று தட்டிவிட்டு வெளியே வந்தோம். நானும் அப்படித்தான்.

பயம்தான் காரணம். அந்த 25 மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி நம் பதிவெண்ணோடு எழுதச் சொல்கிறார்கள். "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்வதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் நம்பிக்கையை எதிர்பார்ப்பதைவிடப் படிவத்தை மாற்றுவது சுலபம். ஐந்தாவது வாரத்தில், வெள்ளைத் தாளில், பெயரும் எண்ணும் இல்லாமல், இரண்டே கேள்விகள் போதும்: இந்தப் பாடத்தில் இதுவரை எது புரியவில்லை? வகுப்பில் எதை மாற்றினால் உதவும்? வகுப்புப் பிரதிநிதி அவற்றை வாங்கித் தொகுத்து எழுதி ஆசிரியரிடம் மட்டும் கொடுப்பார். மூலத் தாள்கள் கிழிக்கப்படும், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி. துறைத் தலைவருக்குக்கூடப் போகாது. இது ஆசிரியரை மதிப்பிடும் படிவம் அல்ல, பாதி வழியில் "கேட்கிறதா?" என்று கேட்டுக்கொள்வதுதான்.

ஆசிரியரைத் திட்டுவதற்காக அந்தத் தாளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகுக்கும் கட்டத்திலேயே அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு புகார் என்றால்?

புகார் வேறு, கருத்து வேறு. சேர்க்கை, கட்டணம், சான்றிதழைத் தராமல் வைத்திருப்பது, பாகுபாடு போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. புகார் கிடைத்த 15 வேலை நாள்களுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். மதிப்பெண் குறைந்துவிட்டது, மறுபடி திருத்துங்கள் என்று மட்டும் சொல்லி அவரிடம் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார். முடிவையே பாதித்த குறிப்பான முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்ட வேண்டும்.

எழுதத் தயக்கமாக இருந்தால் உடன் உட்கார்ந்து எழுத உதவுவேன். உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்திட மாட்டேன்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு என்ன செய்வீர்கள்?

பள்ளியில் 'முடுக்கம்' என்றும் 'உந்தம்' என்றும் படித்துவிட்டு வந்தவள் நான். இளங்கலை முதல் நாளில் கரும்பலகையில் அதே சமன்பாடுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த சொற்கள் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஊரில் தெருப் பெயர்ப் பலகைகளை எல்லாம் இரவோடு இரவாக மாற்றிவிட்ட மாதிரி இருந்தது. முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்களில் பலர் அறிவால் பின்தங்குவதில்லை, அந்த முதல் எட்டு வாரத்தில் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் ஐந்து வருடமானாலும் திறப்பதில்லை.

வகுப்பில் தமிழில் கேள்வி கேட்கலாம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் தடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தடுக்காமல் இருப்பது வேறு, அழைப்பது வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் இரு மொழிக் கலைச்சொல் தாள் ஒன்றும் வேண்டும். இதை மூத்த மாணவர்களே தயாரிக்கலாம். இயற்பியலுக்கு நாங்கள் தொடங்கிவிட்டோம். பழைய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்காக ஒரு காலத்தில் வெளியிட்ட தமிழ் நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கலைச்சொற்கள் சில இன்று மாறியிருக்கும், அடிப்படைப் பாடம் மாறவில்லை. வெப்ப இயக்கவியலுக்கு நான் அவற்றில் ஒன்றைத்தான் இன்றும் திறந்து பார்க்கிறேன்.

ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதற்குள் போக ஒரு படிக்கட்டு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வருகைப் பதிவு 75 சதவீதத்தைக் குறைப்பீர்களா?

மாட்டேன். எனக்கு அந்த அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை வகுப்புகளை மாற்றி அமைக்க முடியுமா என்று கேட்பேன்.

பாடத்திட்டம் பழசாக இருக்கிறதே?

சில தாள்களில் உண்மைதான். ஆனால் பாடத்திட்டம் இன்று மாறினாலும் அடுத்து சேர்பவர்களுக்குத்தான் பொருந்தும். நமக்கு ஒன்றும் வராது. முன்னாள் மாணவர் ஒருவரைப் பாடத்திட்டக் குழுவில் வைக்கும் வழக்கம் இருப்பதால், படித்து முடித்துப் போகிற வகுப்பிடம் ஒரு பக்கக் கருத்தை வாங்கி அவரிடம் சேர்க்கத் திட்டமிட்டிருக்கிறேன்.

எனக்குப் பாடத்திட்டத்தைவிட வினாத்தாள்தான் உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் கே1, கே2 என்று கே6 வரை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நினைவில் வைத்திருப்பது கே1; புதிதாக ஒன்றை உருவாக்குவது கே6. போன வருடக் கேள்வியையே வரி மாறாமல் போட்டுப் பக்கத்தில் கே5 என்று எழுதினால் அது கே5 ஆகிவிடுமா? கடந்த சில ஆண்டு வினாத்தாள்களைத் துறைவாரியாகச் சேகரித்து, எவ்வளவு அப்படியே திரும்ப வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இது என் செல்வாக்கைக் குறைக்கும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். திரும்ப வரும் கேள்விகளை நம்பித்தானே நாம் பாஸாகிறோம்!

நூலகம்?

இதில் கேட்க வேண்டியதைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் முதுகலை மாணவர்களோ இன்னும் யாரோ அனுப்பிய மங்கலான பிடிஎப் கோப்புகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் ஒரு மணி நேரம் செய்து காட்டும்படி நூலகரிடம் கேட்டேன். "இதுவரை யாரும் கேட்கவில்லையே அம்மா" என்றார். முதல் வகுப்பு வரும் மாதம்.

தேர்வு நாள்களில் இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் போயிருக்கிறது. காவலர் பற்றாக்குறை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டிருக்கிறேன்.

நீங்கள் எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அதன்படி வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியவை மட்டும்தான். என் செலவு சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும். கையெழுத்து சரியில்லை என்று வந்த விமர்சனத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

கட்சி சார்ந்து நின்ற நண்பர்கள் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை. தமிழ்நாட்டில் பல வளாகங்களில் மாணவர் தேர்தலே நடப்பதில்லை. இங்கே நடக்கிறது என்றால் அதற்காக முன்பு போராடியவர்களில் அவர்களும் உண்டு.

சொன்னது நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஓடிப்போக முடியாது, விடுதியில் என் அறை எண் எல்லோருக்கும் தெரியும். திரும்ப நின்று "இன்னொரு வாய்ப்புத் தாருங்கள்" என்று கேட்கவும் போவதில்லை. அடுத்த தேர்தல் வருவதற்குள் என் படிப்பு முடிந்துவிடும். கேட்டது என்ன, என்றைக்குக் கேட்டேன், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகிறேன். பேரவை அறையில் மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அடுத்து வருபவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

உங்களை எங்கே பார்க்கலாம்?

செவ்வாயும் வியாழனும் மதிய உணவு இடைவேளையில் பேரவை அறையில் இருப்பேன். திருத்திய அகத்தேர்வுத் தாள் உங்களிடம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். இதுவரை வந்திருப்பவை நான்கு.